ஐப்பசி மேகமும் நாய்க்கடி ஊசியும்

என் அக்காவை வெறிநாய் கடித்தது. அதனால்தான் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். இப்படிச் சொன்னால் கேட்கிறவர்கள் முகத்தைச் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும். நாய் கடிக்காவிட்டால் அவளை அனுப்பியிருக்கவே மாட்டார்கள். அந்த நாயை நான் ஒருநாளும் திட்டியதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நடந்தது. நாங்கள் வில்லாபுரத்தில் இருந்தோம். அய்யா இல்லை. ஆத்தாவும் நானும் மட்டும். நான் தெற்குவாசலில் ஒரு சைக்கிள் கடையில் வேலை பார்த்தேன். அக்காவைப் பேரையூருக்கு அந்தப் பக்கம், கரிசல் காட்டு ஊர் ஒன்றில் கட்டிக்கொடுத்திருந்தோம். கட்டிக்கொடுத்த கொஞ்ச காலத்திலேயே அந்த வீட்டோடு பேச்சு அறுந்துபோனது.

காரணம் காதுகுத்து. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். அக்கா பிள்ளைக்குத் தாய்மாமன் நான் ஒருவன்தான். போகிற வழியில் பஸ் பழுதாகி நின்றுவிட்டது. பாதி தூரம் நடந்து, பாதி தூரம் கட்டை வண்டி பிடித்து நான் போய்ச் சேர்ந்தபோது, நல்ல நேரம் தப்பிவிடும் என்று சொல்லி அவர்கள் பங்காளி ஒருவன் மடியில் வைத்துக் குத்தி முடித்திருந்தார்கள். பிள்ளை அழுதுகொண்டிருந்தது. எனக்கு இலை போட்டார்கள். சோறு விழுந்த இலையை அப்படியே மடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அது பெரிய அவமானம் என்றார்கள். அவமானப்படட்டும் என்றுதான் மடித்தேன். இன்றைக்கும் அதே மாதிரி நடந்தால் அதே மாதிரி மடிப்பேன்.

அதற்குப் பிறகு அவளைத் தீபாவளிக்கும் அனுப்பவில்லை, பொங்கலுக்கும் அனுப்பவில்லை. நாங்களும் போகவில்லை. ஆத்தா மட்டும் பேரையூர்ப் பக்கத்து ஆள் யாரைப் பார்த்தாலும் நிறுத்தி விசாரிப்பாள். எனக்கு அது பிடிக்காது. ஆனால் அவர்கள் சொல்லும் பதிலைச் சைக்கிள் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன்.

அந்த வருஷம் புரட்டாசி முடியப் போகிறது, ஒரு துளி மழை இல்லை. சாயங்காலம் வேலை முடிந்து வருகிறேன். எங்கள் தெரு முனையில் மச்சான் நிற்கிறார். பக்கத்தில் அக்கா, கையில் ஒரு துணி மூட்டை. காலில் மஞ்சள் துணி சுற்றியிருந்தது. மச்சான் என் முகத்தைப் பார்க்காமல், வேலிக் கல்லிடம் பேசுகிற மாதிரி விஷயத்தைச் சொன்னார். ஆட்டுப் பட்டிக்குள் வெறிநாய் புகுந்திருக்கிறது. ஆடுகளைக் கடித்துவிட்டு, தடுக்கப் போன இவள் கெண்டைக்காலையும் கடித்திருக்கிறது. சுண்ணாம்பு வைத்து, கயிறு மந்திரித்துக் கட்டி, சரியாகிவிடும் என்றுதான் இருந்திருக்கிறார்கள். அப்புறம் கடிபட்ட ஆடு ஒன்று தூணில் தலையை முட்டி முட்டி, வாயில் நுரை தள்ளிச் செத்தது. அதைப் பார்த்த கிராம முன்சீப், மதுரை ஆஸ்பத்திரியில் ஊசி போடாவிட்டால் இந்தப் பெண்ணும் இப்படித்தான் போகும் என்று சத்தம் போட்டிருக்கிறார். அதனால்தான் மச்சான் அவளைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார். ஊசி முடியும்வரை அவள் பிள்ளையைத் தொடக் கூடாது என்று பிள்ளையை அங்கேயே வைத்துக்கொண்டார்கள்.

சொல்லிவிட்டு அவர் வீட்டுக்குள் வராமலே திரும்பி நடந்தார். நானும் வாங்க என்று சொல்லவில்லை.

அக்கா உள்ளே வந்து, அடுப்படியில் தண்ணீர்ப் பானை பழைய இடத்திலேயே இருக்கிறதா என்று பார்த்தாள். மொண்டு குடித்தாள். ஆத்தா அவள் தண்ணீர் குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும்தான். வெறி பிடித்தால் தண்ணீர் இறங்காது என்று எல்லாருக்கும் தெரியும். "ரெண்டு பேரும் எதுக்கு இப்படி மொறச்சுப் பாக்குறீக? தொண்டையில எறங்குது, எறங்குது," என்றாள் அக்கா. அப்புறம்தான் ஆத்தா அழ ஆரம்பித்தாள்.

அந்தக் காலத்து நாய்க்கடி ஊசி வயிற்றில், தொப்புளைச் சுற்றிப் போடுவார்கள். தினம் ஒன்று, பதினான்கு நாள். நடுவில் விடக் கூடாது. ஒருநாள் விட்டாலும் தான் பொறுப்பில்லை என்று ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார். அப்போது வெயில் காலத்து நேரம் நடந்துகொண்டிருந்தது. வெயில் கொளுத்தினால் முனிசிபாலிட்டி தன் ஆபீஸ், ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் விடியற்காலைக்கு மாற்றிவிடும். மழை பிடித்தால் பழைய நேரம். மாற்றுகிறபோதெல்லாம் தெருத் தெருவாகக் கொட்டு அடித்துச் சொல்வார்கள். வழக்கமாக ஆடியிலேயே பழைய நேரம் வந்துவிடும். அந்த வருஷம் மழை இல்லாததால் புரட்டாசிக் கடைசியிலும் வெயில் நேரம்தான். ஊசி போடுகிறவர் விடியும்போதே உட்கார்ந்து, வெயில் ஏறுவதற்குள் எழுந்து போய்விடுவார்.

அதனால் இருட்டோடு இருட்டாகக் கிளம்புவோம். கடையில் வாடகைக்கு விடும் சைக்கிள் ஒன்றை முதலாளியிடம் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். கல்யாணமான பொம்பளை சைக்கிள் பின்னால் உட்கார்ந்து போவதா என்று தெருவில் பேசினார்கள். அவர்கள் வீட்டுப் பெண்ணை நாய் கடித்தால் பல்லக்கு வைத்துத் தூக்கிப் போகட்டும். நான் மிதித்தேன். அக்கா கேரியரில் ஒருக்களித்து உட்கார்ந்து, சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வழியெல்லாம் ஏதாவது சொல்லிக்கொண்டே வருவாள். மேடு வந்தால், "எறங்கிக்கிறவாடா, மூச்சு வாங்குது ஒனக்கு," என்பாள். இறங்காதே என்பேன். கிருதுமால் வாய்க்கால் வறண்டு கிடக்கும். அதைத் தாண்டினால் தெற்குவாசல்.

அங்கே சுவரிலெல்லாம் முனிசிபாலிட்டி நோட்டீஸ் ஒட்டியிருந்தது. கழுத்தில் லைசென்ஸ் வில்லை கட்டாத நாயைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று. நாய் வண்டி எதிரே வந்தால் அக்கா காலைத் தூக்கி மடித்துக்கொள்வாள்.

ஊசி வலி பெரிய வலி. போட்ட இடம் கல் மாதிரி வீங்கிவிடும். வெளியே வரும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து நடந்து வருவாள். ஆஸ்பத்திரி மதில் ஓரத்தில் பருத்திப்பால்காரர் ஒருவர் அடுப்பு மூட்டி வைத்திருப்பார். பருத்தி விதையை ஆட்டிப் பாலெடுத்து, கருப்பட்டியும் சுக்கும் போட்டுக் காய்ச்சியது. மணம் தெருவுக்கே வரும். அக்கா மாமியார் ஒரு நீளமான பத்தியம் சொல்லி அனுப்பியிருந்தாள். உப்பைக் குறை, புளியைக் குறை, தலைக்கு எண்ணெய் வைக்காதே, ஓடுகிற தண்ணீரைத் தாண்டாதே. அக்கா அத்தனையையும் ஒழுங்காகப் பார்த்தாள். பருத்திப்பாலை மட்டும் குடித்தாள். "பருத்திப்பாலப் பத்தி எங்க அத்தை ஒண்ணும் சொல்லல. சொல்லாததக் குடிக்கலாம்," என்பாள். சூட்டோடு ஊதி ஊதிக் குடித்து, கடைசி மடக்கை எனக்குக் கொடுப்பாள். சின்ன வயதில் எது கிடைத்தாலும் அவள் கடைசி மடக்கு எனக்குத்தான். நான் அதை மறந்துபோயிருந்தேன். அவள் மறக்கவில்லை.

பகலில் ஆத்தாவுக்கு அரிசி புடைத்துக் கொடுப்பாள். சாயங்காலம் நான் வந்தால் கடையில் நடந்ததை ஒன்று விடாமல் கேட்பாள். சில நேரம் பேச்சை நிறுத்திவிட்டு, "இந்நேரம் பிள்ள சாப்பிட்டிருப்பான்," என்பாள். நான் பழைய சைக்கிள் மணி ஒன்றைத் துடைத்துக் கொண்டுவந்து, பிள்ளைக்கு என்று கொடுத்தேன். அதை அவள் மூட்டைக்குள் வைத்துக்கொண்டாள். அவளுக்கு அங்கேயும் போக வேண்டும், இங்கேயும் இருக்க வேண்டும். எனக்கு அப்படி இல்லை. ஊசி மெதுவாக முடியட்டும் என்று நினைத்தேன்.

பத்தியத்தில் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். அதுதான் முக்கியம். மேகம் கூடினால் வெளியே தலை காட்டக் கூடாது. நாய் விஷம் உடம்புக்குள் அடங்கிக் கிடக்குமாம். மேகத்தைக் கண்டால் ஏறுமாம், இடி இடித்தால் தலைக்கே போய்விடுமாம். மாமியார் ஊரில் எல்லாரும் அதை நம்பினார்கள். ஆத்தாவும் நம்பினாள். அக்கா நம்பினாளா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் பயந்தாள். வானத்தில் ஒரு பஞ்சு கூட இல்லாத வருஷம் என்பதால் நான் அதைக் கண்டுகொள்ளவில்லை.

ஊசி பாதிக்கு மேல் முடிந்திருந்தது. ஐப்பசி பிறந்தது. ஒரு நாள் மத்தியானம் மேற்கே கறுத்து, அடித்துக் கொட்டியது. மழை என்று கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டார்கள். நனைந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். அக்கா உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

விடிந்தும் மேகம் கலையவில்லை. அவள் வர மாட்டேன் என்றாள். ஆத்தா, இன்னைக்கு ஒருநா விட்டுட்டு நாளைக்குச் சேத்துப் போட்டுக்கிரலாம் என்றாள். மூட்டையா கட்டிக் கொடுக்கிறார்கள், சேர்த்துப் போட்டுக்கொள்ள? நான் கத்தினேன். கடைசியில் ஒரு ஜட்கா பிடித்து வந்தேன். முன்னாலும் பின்னாலும் கோணிப் படுதா கட்டி, அக்காவைக் கறுப்புக் கம்பளியால் தலையோடு போர்த்தி உள்ளே ஏற்றினோம். ஆத்தாவும் ஏறிக்கொண்டாள். வண்டிக்காரர், பிரசவமா என்று கேட்டார். நாய்க்கடி என்றேன். அவர் குதிரையோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டார். கிருதுமாலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிற தண்ணீரைத் தாண்டுகிறோம் என்று ஆத்தா முணுமுணுத்தாள். கம்பளிக்குள்ளிருந்து, "நான் கண்ண மூடிக்கிட்டேன் ஆத்தா, குதிரதான் தாண்டுது," என்று சத்தம் வந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊசி அறை பூட்டியிருக்கிறது. கம்பவுண்டர் பல் துலக்கிக்கொண்டிருந்தார். மழை பிடித்துவிட்டதால் வெயில் நேரம் நேற்றோடு முடிந்தது, இனிமேல் பழைய நேரம், வெயில் ஏறித்தான் ஊசி என்றார். "நேத்துச் சாயங்காலம் கொட்டு அடிச்சாங்களேய்யா, காதுல விழலையா?" எங்கே விழும்? வில்லாபுரம் டவுன் எல்லைக்கு வெளியே. கொட்டுக்காரர் தெற்குவாசலோடு திரும்பிவிடுவார். எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கிறவனைக் கடித்தால் நாய்க்கும் வெறி கிடையாது என்று முனிசிபாலிட்டி முடிவு செய்திருந்தது போல. இதை நான் அவரிடமே கேட்டேன். அவர் கொப்பளித்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஜட்காக்காரர் காத்திருக்க முடியாது என்று போய்விட்டார். தாழ்வாரத்தில் உட்காரலாம் என்றால், அங்கே இருந்த நோயாளிகள் நாய்க்கடி என்று கேட்டதும் எழுந்து நின்றுவிட்டார்கள். அக்காவை முற்றத்தில், வேப்ப மரத்தடியில் உட்காரவைத்தேன். தலைக்கு மேலே மேகம் இறங்கிக்கொண்டே வந்தது. ஆத்தா என் கையைப் பிடித்து இழுத்தாள். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவோம்டா, இங்க வச்சே புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிரப்போகுது என்று அழுதாள். நான் அசையவில்லை. இப்போது போனால் அவளை மறுபடி வெளியே கொண்டுவர முடியாது, இன்றைய ஊசி போய்விடும் என்று எனக்குத் தெரியும்.

தூரத்தில் இடி உருண்டது. கம்பளி நடுங்கியது. உள்ளேயிருந்து கேட்டாள்.

"டேய் தம்பி. செத்துப்போயிருவேனாடா?"

"ஊசி போடாட்டித்தான் செத்துப்போவ."

எனக்கு வேறு மாதிரிப் பேசத் தெரியாது. அப்புறம் அவள் கம்பளியைத் தலையிலிருந்து தானே இழுத்துத் தள்ளினாள். அண்ணாந்து, கண்ணைச் சிமிட்டாமல் மேகத்தைப் பார்த்தாள். தூற்றல் முகத்தில் விழுந்தது. துடைக்கவில்லை. "பாத்துருச்சு. மேகம் என்னப் பாத்துருச்சுடா," என்றாள். பார்த்துவிட்டுச் சிரித்தாள். ஊசிக்காரர் வரும்வரை அப்படியே நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்றைய ஊசி விழுந்தது. மிச்சமும் விழுந்தது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கடைசி ஊசி முடிந்த மறுநாள் மச்சான் தெரு முனைக்கு வந்து நின்றார். அவள் சைக்கிள் மணியை மூட்டைக்குள் தடவிப் பார்த்துக்கொண்டு போனாள். தெரு திரும்பும்வரை மணி உள்ளே டிங் டிங் என்றது.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த வருஷம் ஐப்பசியில் முதல் மேகம் கூடியது. ஒருநாள் மச்சான் மறுபடி தெரு முனையில் நிற்கிறார், அக்கா கம்பளியோடு நிற்கிறாள். மேகம் போட்டதிலிருந்து கடிபட்ட கால் குடைகிறதாம். விஷம் முழிக்கிறது, ஊசி போட்ட ஆஸ்பத்திரியிலேயே காட்டு என்று மாமியார் விரட்டியிருக்கிறாள். மச்சானுக்கு முகம் கடுகடுவென்று இருந்தது. அங்கே கரிசலில் அந்த மழையை விட்டால் விதைப்பு இல்லை. வீட்டில் ஒரு கை குறைந்தாலும் கஷ்டம். ஆனால் அம்மா சொல்லைத் தட்ட முடியவில்லை.

நான் அவளைச் சைக்கிளில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். தெற்குவாசல் தாண்டியதும், "ஆஸ்பத்திரி எதுக்கு? பருத்திப்பால்காரர் இருக்காரான்னு பாரு," என்றாள்.

சைக்கிளை நிறுத்தினேன். கால் வலிக்கிறதா இல்லையா என்று கேட்டேன்.

"வலிக்குதுன்னாத்தான் அனுப்புறாக தம்பி. வலிக்கலன்னா எதுக்கு அனுப்புவாக?"

அதற்கு அடுத்த வருஷமும் வந்தாள். அதற்கு அடுத்ததும். எனக்குக் கல்யாணம் ஆனது, என் பெண்டாட்டிக்கும் விஷயம் தெரியும். மேற்கே கறுத்தால் அவள் அரிசியைக் கூடப் போட்டு உலை வைப்பாள். ஆத்தா வாசலை விட்டு நகர மாட்டாள். நான் கடையில் வேலை பார்த்துக்கொண்டே வானத்தைப் பார்ப்பேன். மழை பொய்த்த வருஷம் அவள் வரவில்லை. அந்த வருஷம் ஊரே மழைக்காக மாரியம்மனிடம் கெஞ்சியது. நானும் போய் நின்றேன். நான் வேண்டியது விதைப்புக்காக அல்ல.

பிறகு யுத்தம் வந்தது. வெறிநாய்த் தொல்லையும் கூடியது. முனிசிபாலிட்டியில் புதிதாக ஒரு நோட்டீஸ் போட்டுக் கொட்டு அடித்துப் படித்தார்கள். இந்தத் தடவை நான் கடை வாசலில் நின்று முழுசாகக் கேட்டேன். நாய் கடித்தால் உடனே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். மந்திரிக்கப் போகக் கூடாது. ஊசியை நடுவில் நிறுத்தக் கூடாது. முழுசாகப் போட்டுக்கொண்டவர்கள் பழைய கடியை நினைத்துப் பயப்பட வேண்டாம், பத்தியம் தேவையில்லை, மேகத்துக்கும் இடிக்கும் விஷத்துக்கும் சம்பந்தம் கிடையாது. அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. நான் அந்த வேப்ப மரத்தடியில் சொன்னதும் அதைத்தான்.

மச்சான் மதுரைச் சந்தைக்கு மிளகாய் மூட்டை கொண்டுவந்த அன்று, கொட்டு அடித்துச் சொன்ன அதே நோட்டீஸைக் கேட்டிருக்கிறார். அந்த ஐப்பசியில் மேகம் கூடியது, மழை பெய்தது, அக்கா வரவில்லை. என் பெண்டாட்டி கூடப் போட்ட அரிசிச் சோறு மறுநாள் பழையதாகிக் கிடந்தது. அதற்கு அடுத்த ஐப்பசியிலும் வரவில்லை. ஆத்தா வாசலில் உட்கார்ந்து தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரிப் புகையில் ஓடிய பஸ்ஸில் ஏறிப் போனேன். காதுகுத்துக்குப் பிறகு அந்த வாசலை நான் மிதித்தது அன்றுதான்.

கதவில் என் சைக்கிள் மணியை ஆணி அடித்து மாட்டியிருந்தார்கள். துருப்பிடித்திருந்தது. மச்சான் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். வந்த விஷயத்தைச் சொன்னேன். மேகம் போட்டிருக்கிறது, ஆத்தா பார்க்கணும் என்கிறாள், நாலு நாள் அனுப்புங்கள். மூலையில் கயிற்றுக் கட்டிலில் கிடந்த மாமியார் தலையைத் தூக்கி, "அனுப்புடா, விஷம் முழிக்கிற நேரம்," என்றாள். மேகத்தையும் விஷத்தையும் முடிச்சுப் போடுகிற முட்டாள் கிழவி என்று நான் எத்தனை தடவை ஏசியிருக்கிறேன். அன்றைக்கு அந்த வீட்டில் எனக்காகப் பேசியது அவள் ஒருத்திதான். போய் அவள் கட்டிலோரம் உட்கார்ந்துகொண்டேன்.

"சர்க்காரே கொட்டு அடிச்சுச் சொல்லிட்டான் மாப்ள," என்றார் மச்சான். "ஊசி போட்டா விஷம் போச்சு. நீங்கதான படிச்சுப் படிச்சுச் சொன்னீக."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கோபம். சண்டைக்கு வந்திருந்தால் எனக்குச் சண்டை தெரியும். கம்பவுண்டர் இன்னும் ஒரு ஊசி போடச் சொன்னார் என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். வாயில் வந்துவிட்டது. அதற்குள் அக்கா உள்ளேயிருந்து விதைப் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். நரை தெரிந்தது.

"இந்த ஈரம் போச்சுன்னா வெதைக்க முடியாது தம்பி," என்றாள். "ஆத்தாகிட்ட நான் தண்ணி குடிச்சேன்னு சொல்லு."

பஸ் நிற்கிற இடம் அவர்கள் காட்டை ஒட்டித்தான். வரப்பு வழியாக என்னோடு நடந்து வந்தாள். பருத்திப்பால்காரர் இன்னும் இருக்கிறாரா என்று கேட்டாள். இருக்கிறார் என்றேன். அவர் செத்து இரண்டு மழைக்காலம் போயிருந்தது. பாதையில் ஏறும்போது இடித்தது. நின்று, அண்ணாந்து பார்த்தாள். "பாத்துக்கிட்டேதான் இருக்கு," என்று சொல்லிவிட்டுக் காட்டுக்குள் இறங்கினாள்.

நான் பஸ்ஸில் உட்கார்ந்தேன். பஸ்ஸின் பின்னால் இருக்கும் கரி அடுப்பு அணைந்துபோயிருந்தது; அது பற்றினால்தான் பஸ் நகரும். கிளீனர் பையன் பின்னால் நின்று துருத்திச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தான். மச்சான் ஏர் பிடித்து முன்னால் போக, அக்கா சாலில் விதை போட்டுக்கொண்டே பின்னால் போனாள். தூற்றல் விழ ஆரம்பித்தது. அவள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொள்ளவில்லை. காட்டின் கடைசி வரைக்கும் போய்த் திரும்பி, என்னைப் பார்த்தபடி வந்துகொண்டிருந்தாள். இந்தக் கரி இன்றைக்குப் பற்றாமலே இருக்கட்டும் என்று நினைத்தேன். பற்றிவிட்டது.